ஐப்பசி, கார்த்திகை மழையில் பைக் எடுக்கிறவர்களுக்கு

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் பைக் ஓட்டுகிறவர்கள் அதிகம் பயப்பட வேண்டியது மழைக்கு இல்லை, தேங்கிய தண்ணீருக்குத்தான். அடியில் பள்ளமா, மூடியில்லாத சாக்கடையா என்று தெரியாது. தெரிந்த தெருதானே என்று நம்பி இறங்காதீர்கள், நேற்று இல்லாத குழி இன்று இருக்கும். முன்னால் போகிற வண்டியின் சக்கரம் எவ்வளவு முங்குகிறது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். துரைசாமி, கணேசபுரம் சுரங்கப்பாதைகள் பக்கம் பெருமழையன்று போகவே வேண்டாம், சுற்றிப் போங்கள்.

இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் முதல் கியரில், ஆக்சிலரேட்டரை விடாமல், மெதுவாக, ஒரே சீராகப் போங்கள். நடுவில் வண்டி நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும், செலவு ஆயிரக்கணக்கில். தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். வெளியே வந்ததும் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகப் பிடித்து விடுங்கள், ஈரம் காயும்வரை சரியாகப் பிடிக்காது.

ரோட்டில் அடித்திருக்கும் வெள்ளைக்கோடு, இரும்பு மூடி இரண்டும் நனைந்தால் வழுக்கும். அதன்மேல் திரும்பவோ பிரேக் போடவோ கூடாது.

ரெயின்கோட் வாங்கும்போது பேண்ட்டும் சேர்ந்த செட்டாக வாங்குங்கள். தலைவழியாகப் போர்த்திக்கொள்ளும், காற்றில் பறக்கும் போஞ்சோ பின்சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து.