எரிவாயுக் குழாய் வராத கட்டடத்தைச் சூடேற்ற எதைத் தேர்ந்தெடுப்பது?

குளிர்நாட்டுக் கட்டடங்களுக்குச் சூடேற்றும் கருவி பொருத்துவது என் தொழில். எரிவாயுக் குழாய் எட்டாத இடங்களிலிருந்துதான் எனக்கு அதிகம் அழைப்பு வரும். எண்ணெய்த் தொட்டியையோ எல்பிஜியையோ நம்பியிருப்பவர்கள் எடுத்த எடுப்பில் "எந்தக் கருவி வாங்கலாம்?" என்று கேட்பார்கள். போன ஆண்டு எத்தனை லிட்டர் எண்ணெய் செலவானது என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்த ஒரு எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு லிட்டர் எரியெண்ணெயில் சுமார் 10 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் இருக்கிறது. எரித்தால் ஏறக்குறைய 2.5 கிலோ கரியமில வாயு வெளியேறும். ஆண்டுக்கு 1,500 லிட்டர் என்று வையுங்கள். 15,000 யூனிட்டில் 15 சதவீதம் புகைபோக்கி வழியே போனால், கட்டடத்துக்குச் சேர்வது 12,750. வெளியேறும் கரியமில வாயு 3,750 கிலோ. இதே வெப்பத்தைச் சாதாரண மின் ஹீட்டரில் பெற 12,750 யூனிட் மின்சாரம் வேண்டும். ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளியே இருப்பதை உள்ளே இழுத்து வருகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் பருவச் சராசரியாக மூன்று யூனிட் வெப்பம் தரும் என்று கொண்டால் 4,250 போதும். ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க 0.88 கிலோவுக்குக் குறைவாகக் கரியமில வாயு வெளியானாலே ஹீட் பம்ப் எண்ணெயை வென்றுவிடும். மின் ஹீட்டருக்கு அந்த வரம்பு 0.29 கிலோதான். உங்கள் மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்று பார்த்து நீங்களே முடிவுக்கு வரலாம்.

பரண் தளத்தில் வெப்பக்காப்புப் போடுவதும் கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைப்பதும் கருவிக்கு முன்பே முடியவேண்டிய வேலைகள். காற்றோட்டத்துக்கென்று விட்ட துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்து ஒரு சோதனை. இதற்குச் செலவே இல்லை. கடுங்குளிர் நாள்களில் பாய்லரிலிருந்து ரேடியேட்டருக்கு, அதாவது சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகட்டுக்கு, போகும் நீரின் வெப்பநிலையை 55 டிகிரிக்கு இறக்குங்கள். அறையின் தெர்மோஸ்டாட்டைத் தொடவேண்டாம். நான் சொல்வது பாய்லரிலேயே இருக்கும் திருகு. பெரும்பாலும் 70, 75 என்று வைத்து யாரும் அதன் பிறகு தொட்டிருக்கமாட்டார்கள். இரவிலும் அணைக்காமல் இரண்டு நாள் ஓடட்டும். எல்லா அறைகளும் கதகதப்பாக இருந்தால் அந்தக் கட்டடம் ஹீட் பம்புக்குத் தயார். ஓர் அறை மட்டும் குளிர்ந்தால் அங்கே ரேடியேட்டரைப் பெரிதாக்கவேண்டும். ரேடியேட்டருக்கும் அறைக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் 50 டிகிரியிலிருந்து 30 ஆகக் குறைந்தால், அதே ரேடியேட்டர் தரும் வெப்பம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நீரின் வெப்பநிலையில் குறைக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஹீட் பம்பின் மின்செலவு சுமார் இரண்டு சதவீதம் குறையும் என்பதால், 50, 45 என்றும் இறக்கிப் பாருங்கள்.

சோதனை முடிந்ததும் திருகைப் பழைய இடத்துக்கே ஏற்றிவிடுங்கள். பழைய எண்ணெய் பாய்லர் குறைந்த சூட்டில் நெடுநாள் ஓடினால் உள்ளே ஈரம் படிந்து அரிக்கும். குளியல் நீர்த் தொட்டியும் அதே திருகில் இயங்கினால் இன்னும் கவனம் தேவை. வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகும். 60 டிகிரிதான் பாதுகாப்பு.

வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் வகையைத்தான் நான் அதிகம் பொருத்துகிறேன். பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் அது இயங்கும். வறண்ட கடுங்குளிரைவிட, இரண்டு மூன்று டிகிரியில் ஈரமான காற்றுதான் அதற்குத் தொல்லை. தகடுகளில் உறைபனி படியும். அதை உருக்கக் கருவி சிறிது நேரம் எதிர்மாறாக, உள்வெப்பத்தை வெளித்தகடுகளுக்கு அனுப்பி ஓடும். அப்போது கிளம்பும் ஆவியைப் புகையென்று நினைத்துப் பதறிக்கொண்டு எனக்குத் தொலைபேசியில் அழைப்பவர்கள் உண்டு. உருகிய நீர் நடைபாதையில் ஓடி உறைந்தால் ஆள் வழுக்கி விழுவார். ஆகவே அடியில் ஜல்லிக் குழி வெட்டி நீரை அதில் இறக்குங்கள். அழகுக்காகப் பெட்டி கட்டி மூடவேண்டாம். ஊதித் தள்ளிய குளிர்காற்றையே திரும்ப இழுத்துத் திணறும்.

நிலமிருந்தால் மண்ணில் குழாய் புதைக்கலாம். தோண்டும் செலவு கனமானது, ஆனால் மண்ணின் வெப்பநிலை காற்றைப்போல ஆடாது. பெரிய கட்டடங்களுக்கு அருகில் ஓடும் ஆறுகூட உதவும். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள பழமையான நகர மன்றக் கட்டடம் 1938-லேயே லிம்மாத் ஆற்றிலிருந்து வெப்பம் எடுத்தது. பழைய கட்டடத்துக்கு ஹீட் பம்ப் ஒத்துவராது என்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

நீரின் வெப்பத்தைக் குறைக்கவே முடியாத கட்டடங்களுக்கு மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் என்னும் சிறு கட்டிகளை எரிக்கும் பாய்லரைச் சொல்வேன், அதுவும் அரைமனதோடு. புகைத்துகள், சாம்பல், நனையாத கிடங்கு என்று வேலை கூடும். மூடிய பெல்லட் கிடங்கில் நெருப்பில்லாமலே கார்பன் மோனாக்சைடு சேரும், ஆள்களைக் கொன்றிருக்கிறது. காற்றோட்டமில்லாமல் உள்ளே நுழையவே கூடாது.

வாரத்தில் ஒரு நாள் சில மணி நேரம் மட்டும் கூடும் மண்டபத்துக்கு, ஆள்மேல் நேராகச் சூடு படும் அகச்சிவப்பு ஹீட்டர் போதும். சூரிய வெப்பத் தகடு கோடையில் குளிக்க உதவும். நடுக்குளிரில் அதை நம்பாதீர்கள்.

கடைசியாக, விலைப்பட்டியல் வாங்கும்போது ஒரு விஷயம். விளம்பரத் தாளில் பெரிதாக அச்சிட்ட திறன் பெரும்பாலும் வெளியே 7 டிகிரி, நீர் 35 டிகிரி என்ற சொகுசான நிலைக்குரியது. உங்கள் ஊரின் கடுங்குளிர் நாளில், உங்கள் சோதனையில் தேறிய நீர் வெப்பநிலையில், எத்தனை கிலோவாட் தரும் என்று எழுத்தில் கேளுங்கள். அறை அறையாகக் கணக்கிட்ட வெப்ப இழப்பையும் கேளுங்கள். தரைப் பரப்பை மட்டும் விசாரித்துவிட்டுக் கருவியின் அளவைச் சொல்பவர் பெரும்பாலும் தேவைக்கு மேல்தான் சொல்வார். அப்படிப் பொருத்திய கருவி நிமிடத்துக்கு நிமிடம் நின்று நின்று ஓடி, கம்ப்ரசர் சீக்கிரமே தேயும். அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.