விலை போகாத வீடும் புதுப் பெயிண்ட்டும்

சென்னையில் தாம்பரம், சேலையூர், மடிப்பாக்கம் பக்கம் பழைய தனி வீடுகளை விற்றுக் கொடுப்பதுதான் என் தொழில். மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில், கிழக்கு பார்த்த வாசலோடு இருக்கிற வீட்டுக்கு என் தயவு தேவையில்லை. என்னிடம் வருவதெல்லாம் ரோட்டைவிடத் தாழ்ந்து கிடக்கிற வீடு, தெரு நேராக வந்து முட்டுகிற தெருக்குத்து வீடு, அண்ணன் தம்பிக்குள் ஒத்துவராமல் விலைக்கு வந்த வீடு. புதிதாகத் தரகுக்கு வந்திருக்கும் தம்பிகளும், முதல்முறை விற்கிற வீட்டுக்காரர்களும் இந்த வீடுகளில் ஒரே மாதிரியான தவறுகளைச் செய்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் செய்தவைதான் என்பதால் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

ஒட்டடை அடியுங்கள், ஃபியூஸ் போன பல்பை மாற்றுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

ஓதம் ஏறிய சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது

வீடு விற்கவில்லை என்றதும் முதலில் பெயிண்டரைத்தான் கூப்பிடுகிறார்கள். ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், ஏறிக் கீழ்ச்சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயிண்ட் பொரிந்து உதிர்ந்துகொண்டிருக்கும். பெயிண்டர் அதைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் போட்டு, இரண்டு கோட் அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். சித்திரை, வைகாசி வெயிலில் சுவர் காய்ந்திருப்பதால் வேலை அம்சமாகத் தெரியும். வீட்டுக்காரருக்கு உடனே தைரியம் வந்து விலையையும் கொஞ்சம் ஏற்றிச் சொல்வார்.

மடிப்பாக்கத்தில் ஒரு வீடு. வைகாசியில் பெயிண்ட், ஆனியில் பார்ட்டி, அதாவது வாங்குகிறவர்கள், வந்து பிடித்துப்போய் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. ஆடி குறுக்கே வந்ததால் ரெஜிஸ்ட்ரேஷனை ஆவணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த ஆடியில் சாயங்கால மழை நாலைந்து நாள் தொடர்ந்து பெய்தது. கப்போர்டுக்கு அளவெடுக்க ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்த, வீட்டை வாங்கவிருந்த அம்மா, ஹாலில் சுவர் முழுக்கப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக நிற்பதைப் பார்த்தார். கை வைத்ததும் பொலபொலவென்று கொட்டியது. அவர் சண்டை போடவில்லை. “சுவரிலேயே இப்படி என்றால் பத்திரத்தில் என்ன இருக்கிறதோ” என்று மட்டும் கேட்டார். வக்கீல் ஒருமுறை பார்த்து முடித்த காகிதங்கள் வேறு வக்கீலிடம் போயின. கடைசியில் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வட்டாரத்துத் தரகர்கள் மத்தியில் அது ‘ஓத வீடு’ ஆகிவிட்டது. அப்புறம் அடுத்த வருஷம் விற்றபோது கிடைத்த விலை, ஓதத்தை முதலிலேயே சொல்லிக் குறைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விலையைவிடக் குறைவு. பெயிண்ட் செலவு தனி.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பெயிண்டரைக் கூப்பிட மாட்டீர்கள். மண்ணில் இருக்கிற ஈரம் செங்கல், சாந்து இவற்றின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறுகிறது. கூடவே மண்ணிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பும் கரைந்து வருகிறது. சுவரின் முகப்புக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். அது படிகமாகிப் பருக்கும்போது மேல்பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது. நல்ல விலையுயர்ந்த பெயிண்ட் என்றால் ஈரம் வெளியேறும் வழியையும் அடைத்துவிடும். அந்த ஈரம் இன்னும் ஓரடி மேலே ஏறி அங்கே உடைத்துக்கொண்டு வரும். மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். டைல்ஸுக்கு மேலே கோடு போட்டதுபோல ஈரம் நிற்கும், பார்க்கிறவருக்குக் காட்டிக் கொடுப்பதே அந்தக் கோடுதான்.

எல்லா ஈரமும் கீழிருந்து வருவதில்லை. வருஷம் முழுக்க ஒரே இடத்தில், பாத்ரூமுக்குப் பின்சுவரில் இருந்தால் பைப்பைப் பாருங்கள். மழைக்குப் பிறகு மேல்தளத்தில் திட்டு விழுந்தால் மொட்டைமாடியில் பதித்த தட்டு ஓடு விரிசல் விட்டிருக்கலாம். சந்தேகம் இருந்தால் ஓரடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்தான் இருக்கிறது.

சரி, என்ன செய்வது? உள்ளே கை வைப்பதற்கு முன் வெளியே போய்ப் பாருங்கள். பக்கவாட்டுச் சந்தில் போட்ட சிமெண்ட் தரை வீட்டுச் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். மாடித் தண்ணீர்க் குழாய் அஸ்திவாரத்திலேயே கொட்டிக்கொண்டிருக்கும். தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப் கசியும். எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு: தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். ஆனால் அதற்குள் உயர்ந்துவிட்ட ரோடு இறங்கி வரப்போவதில்லை. வாசலில் தடுப்பு, சந்தில் சரியான வாட்டம், தண்ணீர் வெளியேற ஒரு வழி, இவ்வளவு செய்தாலே பாதி ஓதம் அடங்கும்.

அப்புறம், ஈரம் தெரிகிற இடத்துக்கு ஓரடி மேல்வரைக்கும் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல் தெரிய அப்படியே விடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். கழுவினால் மறுபடி கரைந்து உள்ளே போகும். அந்த நிலையிலேயே வீட்டைக் காட்டுங்கள். கேட்டால் வீட்டுக்காரர்கள் பதறுகிறார்கள். “இங்கே ஓதம் இருந்தது, வெளியே இதைச் செய்திருக்கிறோம், திரும்பப் பூச மேஸ்திரி இவ்வளவு கேட்கிறார்” என்று எஸ்டிமேட்டைக் கையில் கொடுங்கள். வாங்குபவர் அந்தத் தொகையைக் குறைத்துக் கேட்பார், அவ்வளவுதான். மறைத்தால் அவர் மனதில் போடுகிற கணக்கு அதைப்போலப் பல மடங்கு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, இந்த வைகாசியிலும் இரண்டு வீட்டில் பெயிண்ட் வாசனை அடிக்கிறது.

“இங்கே தண்ணீரே வராதுங்க”

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் பார்ட்டி உங்கள் வீட்டுக்கே வருகிறார். வந்த அளவைச் சொல்லிவிடுங்கள்.

விற்பதற்காக மாடுலர் கிச்சன் போடுவது

பழைய தனி வீட்டுக்கு விலை பேசும்போது மனைக்குத்தான் முதல் கணக்கு: ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி, இந்தத் தெருவில் என்ன போகிறது என்று பார்ப்பார்கள். கட்டடத்துக்கு வயதைக் கழித்துக்கொண்டு ஏதோ போடுவார்கள். வங்கியிலிருந்து வரும் வேல்யூவரும் அப்படித்தான். நீங்கள் லட்சக்கணக்கில் போட்ட கிச்சன் இந்தக் கணக்கில் எங்கே உட்காரும்? வாங்குகிறவர் இடித்துவிட்டுக் கட்டப் போகிறவராக இருந்தால் அது கழற்றி விற்கிற பலகை. ஒழுகும் குழாயை மாற்றுங்கள், மோட்டார் ஓடுகிறதா பாருங்கள், கதவு தாழ்ப்பாள் விழுகிறதா பாருங்கள். அதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம்.

பள்ளமாகிவிட்ட வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவதும் இதே ரகம். குடியிருக்கப் போகிறவர் அதைச் செய்யலாம். விற்கப் போகிறவர் செய்தால் அந்தப் பணம் திரும்பாது.

வாஸ்துவுக்காக இடிப்பது

ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு வாஸ்துக்காரர் இருக்கிறார். முதல் ஆள் சொன்னார் என்று படிக்கட்டை மாற்றினால், அடுத்த ஆள் அந்தப் படிக்கட்டில்தான் குறை சொல்வார். சேலையூரில் ஒருவர் கழிவறையை இரண்டு முறை இடம் மாற்றினார். வாங்கியவர் வாஸ்து எதையும் பார்க்காமல் வாங்கினார். தெருக்குத்து வீட்டுக்கு எதிர்ச்சுவரில் ஒரு பிள்ளையார் இருந்தால் போதும் என்பவர்கள் உண்டு, பிள்ளையார் இருந்தாலும் வேண்டாம் என்பவர்களும் உண்டு. இரண்டாவது வகையைச் சம்மதிக்க வைக்க முயல வேண்டாம். கிளினிக், டியூஷன் சென்டர் வைக்கத் தெருமுழுக்கத் தெரிகிற இடம் தேடுபவர்களிடம் காட்டுங்கள்.

தங்கையைக் கேட்காமல் போர்டு மாட்டுவது

அப்பா சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் எழுதாமல் போய்விட்டார் என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் அம்மாவுக்கும் சம பங்கு. “கல்யாணத்துக்குச் செய்தாயிற்று, அவள் கேட்க மாட்டாள்” என்பது பத்திரத்தில் கையெழுத்தாகாது. வாரிசுச் சான்றில் இருக்கும் எல்லாரும் சம்மதித்த பிறகு போர்டை மாட்டுங்கள். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகப் பவர் பத்திரம் வர நாளாகும்; பார்ட்டி காத்திருக்க மாட்டார்.

பத்துத் தரகர், பத்து விலை

ஒரு விலை சொல்லுங்கள். எல்லாரிடமும் அதையே சொல்லுங்கள்.

ரூம் ஸ்ப்ரே

வேண்டாம். எதை மறைக்கிறீர்கள் என்றுதான் யோசிப்பார்கள். காலையிலேயே ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

குடியிருப்பவரை மறப்பது

வீட்டில் வாடகைக்கு ஆள் இருந்தால், பார்ட்டி வரும்போது கதவைத் திறப்பது அவர்தான். எப்போது காலி செய்ய வேண்டும், அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்று எதுவும் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றால் அவர் என்ன செய்வார்? “உள்ளே வாங்க சார், பார்த்து வாங்க, அந்த ஃபேன் சில சமயம் ஆடும்” என்பார். தேதியைச் சொல்லி, அட்வான்ஸில் பாதியையாவது முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அவரே வீட்டைப் பெருக்கி வைத்துக் காட்டுகிறார்.