பழைய குடும்ப எஸ்யூவியைக் கேம்பிங் வண்டியாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பதினைந்து வருஷம் குடும்பத்தைச் சுமந்த வண்டி வாசலில் நிற்கிறது. விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது. எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது. இதையே கொஞ்சம் உயர்த்தி, பெரிய டயர் மாட்டி, கூரையில் ஒரு கூடாரமும் போட்டால் காட்டுப் பாதைக்குக் கிளம்பிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. யோசனையில் தப்பில்லை, வரிசையில்தான் தப்பு. நான் முதலில் வாங்கியது இரும்பு பம்பர். கடைசியில் மாற்றியது ரேடியேட்டர் ஹோஸ், அதுவும் நடுவழியில் அது வெடித்த பிறகு.

வண்டியின் வயதை மறப்பது

பழைய வண்டியில் முதல் செலவு கண்ணுக்குத் தெரியாத இடங்களில் போக வேண்டும். ரப்பர் எதுவாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்: ஹோஸ், பெல்ட், சஸ்பென்ஷன் புஷ், எஞ்சின் மவுன்ட், சிவி பூட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டை மூடும் ரப்பர் உறை). ரப்பர் ஓடி மட்டும் தேய்வதில்லை, சும்மா நின்றாலும் காய்ந்து வெடிக்கும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு வருஷக் கணக்கும் உண்டு, எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு.

பிரேக் ஆயிலை யாரும் நினைப்பதே இல்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 தரத்தில் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே தரம் கேட்பது 155 டிகிரிதான். முழுப் பாரத்தோடு நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். பெடல் பஞ்சு போலத் தரையைத் தொடும்.

சேசிஸை ஒருமுறை லிஃப்டில் ஏற்றி அடியிலிருந்து பாருங்கள். சந்தேகமான இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டினால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துரு தின்ற இடம் மொத்தென்று கேட்கும். அந்த இடத்தில் லிஃப்ட் கிட்டும் (வண்டியை உயர்த்தும் உதிரிகள்) பம்பரும் மாட்டுவது வீண்.

இதெல்லாம் முடிந்ததும், எந்த மாற்றமும் செய்யாத அதே வண்டியில் ஒரு இரவு வெளியே போய்த் தங்கிவிட்டு வாருங்கள். அங்கே எது இல்லாமல் தவித்தீர்களோ அதுதான் வாங்க வேண்டியவற்றின் பட்டியல். எனக்கு அது ஒரு நல்ல விளக்கும் மெத்தையுமாக இருந்தது, பம்பர் அதில் இல்லவே இல்லை.

எடையைக் கூட்டிப் பார்க்காமல் விடுவது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான்.

வண்டியின் கதவுத் தூணிலோ கையேட்டிலோ மொத்த எடை வரம்பு என்று ஒரு எண் இருக்கும். வண்டி, எரிபொருள், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டக் கூடாது. உதாரணத்துக்கு வெறும் வண்டி 1,900 கிலோ, வரம்பு 2,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 600 கிலோ இடம் இருக்கிறதே என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள். இரும்பு பம்பர் 50, வின்ச் (புதைந்த வண்டியை இழுக்கும் மோட்டார் கயிற்று உருளை) 35, கூரைத் தாங்கி 30, கூரைக் கூடாரம் 60, இரண்டாவது பேட்டரி 25, பின்பக்க இழுப்பறை 50, நிரம்பிய ஃபிரிட்ஜ் 35, தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40, ஒரு கேன் டீசல் 17, ஜாக்கியும் கருவிகளும் 30. மொத்தம் 372 கிலோ. பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என்று 230 கிலோ ஏறினால் 602. வரம்பு முடிந்தது. துணிமணி, சாப்பாட்டுச் சாமான், நாற்காலி எதுவும் இன்னும் ஏறவே இல்லை.

நான் இந்தக் கணக்கைப் போடவில்லை. லாரிகள் நிறுத்தி எடை பார்க்கும் எடை மேடையில் ஒருநாள் விளையாட்டாக ஏற்றிப் பார்த்தேன். முன்னே நின்ற லாரிக்காரர் என் வண்டியையும் கூரை மேலிருந்த மூட்டையையும் ஒரு பார்வை பார்த்தார். கையில் வந்த சீட்டின்படி, பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போதே நான் வரம்பை 140 கிலோ தாண்டியிருந்தேன். வண்டி மேடேறத் திணறியதற்கு எஞ்சின் வயதைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

இதில் இன்னொரு மயக்கமும் உண்டு. பாரம் ஏறினால் பின்பக்கம் தொங்குகிறது, கனமான ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஸ்பிரிங் போட்டால் வண்டி தலை நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். அச்சும் பிரேக்கும் பேரிங்கும் சேசிஸும் அதே பழையவை. பல வண்டிகளுக்கு ஒவ்வொரு அச்சுக்கும் தனி வரம்பு வேறு உண்டு. சாமான் முழுவதும் பின்னால் போவதால் மொத்தக் கணக்கு சரியாக இருந்தாலும் பின் அச்சு தாண்டிவிடும். முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் தனித்தனியாக எடை போட்டால் தெரிந்துவிடும்.

கூரைக்கும் வரம்பு இருக்கிறது. பல எஸ்யூவிகளில் அது 75 முதல் 100 கிலோவுக்குள்தான், தாங்கியின் எடையும் அதில் அடக்கம். கரடுமுரடான பாதைக்குத் தாங்கி செய்பவர்களே இன்னும் குறைத்துச் சொல்வார்கள். நின்ற வண்டியின் கூடாரத்தில் நான்கு பேர் தூங்கலாம், அது வேறு கணக்கு. ஓடும்போது உச்சந்தலையில் உள்ள ஒவ்வொரு கிலோவும் பக்கச் சரிவில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். தண்ணீர், கருவிகள் போன்ற கனமானவை கீழே, அச்சுகளுக்கு நடுவில். மெத்தை, நாற்காலி மேலே போகட்டும்.

உயரத்துக்கு ஆசைப்படுவது

சாண் ஏறினால் முழம் சறுக்குவது இங்கேதான். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள குடும்ப எஸ்யூவிகளுக்கு 40, 50 மி.மீ. உயர்த்துவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் சிவி ஜாயின்ட் எப்போதும் வளைந்த நிலையிலேயே சுழன்று சீக்கிரம் தேயும். ஸ்டீயரிங்கை நேராக வைத்திருக்க உதவும் காஸ்டர் கோணம் (முன் சக்கரத்தின் திருப்பு அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு) குறைந்து, வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது, நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். லிஃப்ட் போட்டதும் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வெளியே எடுக்காதீர்கள். ஹெட்லைட்டையும் தாழ்த்தச் சொல்லுங்கள், எதிரே வருகிறவர் சாபம் விடமாட்டார்.

ஸ்பிரிங்கோடு செருகும் மலிவான ஸ்பேசர் கிட்டுகள் உயரத்தைக் கொடுக்கும், சக்கரம் ஏறி இறங்கும் தூரத்தைக் கூட்டாது. லிஃப்ட் போட்ட பிறகு நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை முழுதாகத் தொங்க விட்டு, பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்தும் பாருங்கள். வீணைத் தந்தி போல விறைத்திருந்தால் ஒரு பெரிய குழியில் அது அறுந்துபோகும்.

டயர்: பெரிதாக இருந்தால் போதுமா?

265/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 777 மி.மீ. 285/75 ஆர்16 என்றால் 834. வண்டி உயர்வது இந்த வித்தியாசத்தில் பாதி, அதாவது 28 மி.மீ.தான். இரண்டு சக்கரத்தையும் ஒரே கட்டையாக இணைக்கும் முழு அச்சு உள்ள வண்டியில், அச்சின் நடுவே புடைத்திருக்கும் டிஃபரன்ஷியலின் (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) அடிப்பாகத்தைத் தரையிலிருந்து தூக்குவது டயர் மட்டுமே, ஸ்பிரிங் எவ்வளவு போட்டாலும் அது எழும்பாது என்பது உண்மை. ஆனால் விலை என்ன? ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 86-ஐ ஒட்டி ஓடுவீர்கள். எல்லா கியரும் 7 சதவீதம் நீண்டதாகிவிடும். லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு ஏற உதவும் கூடுதல் கியர்) இல்லாத வண்டியில் கல்லேறும்போது கிளட்ச் கருகுவதோ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொதிப்பதோ இதனால்தான்.

ஒரே ஒரு அளவு கூடிய, கனமான பக்கச்சுவர் உள்ள ஆல் டெரெய்ன் டயர் (தார்ச்சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவானது) பெரும்பாலோருக்குப் போதும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் ஒரு டயர் மட்டும் வேறு அளவாக ஓடினால் நடு டிஃபரன்ஷியல் கெடும். பழைய டயரைக் குறைந்த விலைக்கு வாங்குவதானால் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது.

பெரிய டயருக்குக் கொட்டும் பணத்தில் சிறு பகுதியில் ஒரு நல்ல கம்ப்ரஸரும் காற்று அளவியும் வந்துவிடும். மணலில் 35 பிஎஸ்ஐயை 18, 20-க்கு இறக்கிப் பாருங்கள், தரையைத் தொடும் ரப்பர் நீளமாகி வண்டி மிதந்து போகும். அந்தக் காற்றில் வேகமும் திடீர்த் திருப்பமும் கூடாது, டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலை ஏறுமுன் திரும்ப நிரப்ப வேண்டும். கம்ப்ரஸர் இல்லாதவர்கள் காற்றை இறக்கத் தயங்கித்தான் புதைகிறார்கள்.

உயிரை எடுக்கும் தவறு

புதைந்த வண்டியை இழுக்க டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைப் போடாதீர்கள். ஒருபோதும் வேண்டாம். அது சீராக இழுப்பதற்குச் செய்தது, வெடுக்கென்று இழுப்பதற்கு அல்ல. உடைந்தால் இழுபட்ட கயிறு அந்த இரும்பு உருண்டையைக் குண்டு போல எறியும், இதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். கப்பலிலோ லாரியிலோ ஏற்றும்போது வண்டியைக் கட்டிவைக்கும் மெல்லிய வளையமும் இழுப்பதற்கானதல்ல. சேசிஸில் போல்ட் போட்டு மாட்டிய, தாங்கும் எடை குறிப்பிட்ட இழுவைக் கொக்கி முன்னும் பின்னும் வேண்டும். பழைய வண்டிக்கு முதலில் மாட்ட வேண்டிய உதிரி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வின்ச் வாங்குவதாக இருந்தால் ஏற்றிய வண்டியின் மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுப்பதாக இருக்கட்டும். கயிறு விறைக்கும்போது யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது, பிள்ளைகளைக் கயிற்று நீளத்தைவிட அதிக தூரத்தில் நிறுத்துங்கள்.

தண்ணீர்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது ஸ்னார்கெல் மாட்டியவருக்கும் பொருந்தும். ஸ்னார்கெல் என்பது எஞ்சினுக்கான காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய், ஒயரிங்கையும் கம்ப்யூட்டரையும் அது காப்பாற்றாது. பழைய ஏர்பாக்ஸின் (காற்று வடிகட்டி இருக்கும் பெட்டி) ரப்பர் இற்றுப்போயிருந்தால் தண்ணீர் அந்த வழியாகவே உள்ளே போகும். தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் சிலிண்டருக்குள் கொஞ்சம் போனாலும் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையலாம். டிஃபரன்ஷியல் சூடாக ஓடிவந்து குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். டிஃபரன்ஷியலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயை உயரத்துக்கு நீட்டுவது சின்ன வேலை. அதைச் செய்யாத ஒரு வண்டியின் டிஃப் ஆயிலை வடித்தபோது பக்கத்தில் இருந்தேன். பால் ஊற்றிய காபி நிறத்தில் வழிந்தது.

ஒயரிங்

பழைய வண்டியில் ஏற்கெனவே யாரோ ஹாரனுக்கும் ஸ்டீரியோவுக்கும் ஒயரை ஒட்டுப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஃபிரிட்ஜை மாட்டாதீர்கள். 5 ஆம்பியர் எடுக்கும் ஃபிரிட்ஜுக்குப் பேட்டரியிலிருந்து பின்பக்கம் வரை 5 மீட்டர், போக வர 10 மீட்டர். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் கிட்டத்தட்ட 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரி நன்றாக இருந்தும் நடுராத்திரியில் ஃபிரிட்ஜ் தானே அணைந்துவிடும், ஃபிரிட்ஜைத் திட்டுவீர்கள். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.15 வோல்ட்தான். ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். மறுமுனையில் வைத்தால் நடுவில் உரசும் ஒயர் எரியும்போது அது வேடிக்கை பார்க்கும்.

குடும்பம் உள்ளே இருக்கிறது

இழுப்பறை, ஃபிரிட்ஜ், தண்ணீர்க் கேன் எல்லாம் பிள்ளைகளின் தலைக்குப் பின்னால்தான் இருக்கின்றன. தரையில் போல்ட் போட்ட வளையத்தில் கட்டுங்கள், இருக்கைக்கும் சாமானுக்கும் நடுவே கம்பித் தடுப்பு வையுங்கள். குளிருகிறது என்று கூடாரத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ அடுப்பு மூட்டவும் கூடாது, எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

பம்பர், உயரம், டயர் அளவு, இருக்கை நீக்கம் ஆகியவற்றுக்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஏர்பேக் சென்சாரோடு ஒத்துப்போகாத பம்பர் விபத்தில் என்ன செய்யும் என்பதையும் விசாரியுங்கள். மாற்றம் செய்யுமுன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

என் இரும்பு பம்பரை போன வருஷம் கழற்றிவிட்டேன், கூரைத் தாங்கியையும். இப்போது தரைக் கூடாரம்தான். பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அதே எடை மேடைக்குப் போனேன். வரம்புக்கு 30 கிலோ கீழே. பம்பர் இன்னும் விலை போகவில்லை, சுவரோரம் சாய்ந்து கிடக்கிறது.