தோட்டக் குளம் பச்சை பிடித்தால் என்ன செய்வது?

குளத்துத் தண்ணீர் பச்சையானதும் பலரும் முதலில் செய்வது, மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டு, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விடுவது. இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி பச்சை. பாசிக்கு வேண்டியது வெயிலும் உணவும்தான். உணவு என்றால் நைட்ரேட், பாஸ்பேட். குளத்தைக் கழுவும்போது கழிவை அரிக்கும் நல்ல பாக்டீரியாக்கள் போய்விடுகின்றன. வெயிலும் உணவும் வரும் வழி அப்படியே இருக்கிறது. அந்த வழியை அடைப்பதுதான் வேலை. கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

படி 1: எந்தப் பாசி?

ஒரு குச்சியைத் தண்ணீரில் விட்டுச் சுழற்றி எடுங்கள். நூல் நூலாகத் தொங்கினால் நூல்பாசி. குச்சியில் ஒன்றுமே ஒட்டாமல், கண்ணாடி டம்ளரில் மொண்டு பார்த்தால் தண்ணீரே பச்சையாகத் தெரிந்தால் மிதக்கும் நுண்பாசி. பெயின்டில் தோய்த்தது போலக் குச்சி முழுக்கப் பூசிக்கொண்டு வந்து, நாற்றமும் அடித்தால் நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம். அதில் சில வகை நஞ்சு கக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நாய், பூனை அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள்.

கல்லிலும் சுவரிலும் வெல்வெட் போல ஒட்டியிருக்கும் மெல்லிய பச்சைப் படலம் நோயல்ல. அது சத்தை உறிஞ்சிக் குளத்துக்கு உதவுகிறது. சுரண்ட வேண்டாம்.

படி 2: கொள்ளளவு

நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, 1000-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் ஆழம் என்றால் 3600 லிட்டர். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பம்ப், விளக்கு, மருந்து எல்லாமே இதை வைத்துத்தான்.

படி 3: கையால் எடுப்பது

நூல்பாசிக்கு நீளக் கைப்பிடி உள்ள பிரஷ் போதும். பாசிக்குள் விட்டு ஒரே பக்கமாகத் திருகினால் நூல்கண்டில் நூல் சுற்றுவது போலக் கொத்தாகச் சுற்றிக்கொண்டு வரும். இழுத்தால் அறுந்துவிடும், திருகத்தான் வேண்டும். எடுத்ததைக் கரையில் சிறிது நேரம் வைத்தால் சிக்கிய நத்தை, தட்டான் குஞ்சுகள் வெளியே வரும். பிறகு உரக்குழிக்கு அனுப்புங்கள். கரையிலேயே விட்டால் மழையில் கரைந்து அத்தனை சத்தும் குளத்துக்கே திரும்பும்.

படி 4: உணவைக் குறைப்பது

பெரும்பாலான குளங்களில் பாசி வளர்வது மீன் தீனியில்தான். மீன்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள். மிஞ்சியதை வலையால் எடுத்துவிடுங்கள். மீன்கள் கரைக்கு ஓடி வந்து வாயைத் திறப்பது பசியால் அல்ல, பழக்கத்தால். விழுந்த இலைகளை அடியில் மட்கும் முன் அள்ளுங்கள். தோட்டத்துக்குப் போடும் உரம் மழையோடு குளத்தில் இறங்காதபடி கரையைச் சற்று உயர்த்துங்கள்.

வாரம் ஒருமுறை 10 முதல் 15 சதவீதம் தண்ணீரை மாற்றுங்கள். 3600 லிட்டர் குளத்துக்கு 360 முதல் 540 லிட்டர். ஆவியாகிக் குறைந்ததை நிரப்புவது இதில் சேராது. ஆவியாவது தண்ணீர் மட்டும். சத்தும் உப்பும் குளத்திலேயே தங்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், குளோரினை நீக்கும் மருந்தைக் கலந்தே விடுங்கள்.

படி 5: நிழல்

நீர்ப்பரப்பில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாக இலை மூடியிருக்க வேண்டும். அல்லியைத் தொட்டியில் நட்டு உள்ளே இறக்கலாம். தொட்டி மண்ணில் உரம் கலக்காதீர்கள், மேலே ஒரு அடுக்கு சரளை போடுங்கள். வேலம்பாசி போன்ற மூழ்கு செடிகள் தண்ணீரிலிருந்தே சத்தை எடுத்து, பாசியோடு நேரடியாகப் போட்டியிடும். வெங்காயத் தாமரையும் வேகமாகச் சத்தை இழுக்கும்தான். ஆனால் அது குளத்தைத் தாண்டிவிட்டால் பிடிக்க முடியாது. ஓடை, ஏரிப் பக்கம் இருப்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

படி 6: பம்ப், ஃபில்டர், யுவி விளக்கு

மீன் உள்ள குளத்தில் மொத்தத் தண்ணீரும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஃபில்டர் வழியே போக வேண்டும். நம் கணக்குக்கு மணிக்கு 1800 லிட்டர். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குளத்திலிருந்து வாளியில் எடுத்த தண்ணீரில் அலசுங்கள். குழாயடியில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

தண்ணீரே பச்சையாக இருந்தால் யுவி விளக்கு (பம்ப் தள்ளும் தண்ணீரைப் புறஊதாக் கதிர் வழியே செலுத்தும் கருவி) நன்றாக வேலை செய்யும். 4000 லிட்டருக்குச் சுமார் 10 வாட் என்பது பொதுக் கணக்கு. பல்பு எரிந்துகொண்டே இருந்தாலும் ஓராண்டில் அதன் யுவி வீரியம் குறைந்துவிடும்; ஆண்டுதோறும் மாற்றுங்கள். எரியும் யுவி பல்பை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. கல்லில் பிடித்துக் கிடக்கும் நூல்பாசி விளக்கு வழியே போவதில்லை, ஆகவே அதற்கு இது பயன்படாது.

படி 7: பாசிக்கொல்லி, கடைசியாக

மருந்து கொன்ற பாசி அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும். பாசி அடர்ந்த குளத்தில் ஒரே நாளில் மருந்து ஊற்றினால், விடியும் முன் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறையும் நேரம் அதுதான். முடிந்தவரை பாசியைக் கையால் எடுத்துவிட்டு, லேபிளில் உள்ள அளவைத் தாண்டாமல், காலையில் மருந்து போட்டு, அன்று இரவு முழுக்க ஏர் பம்பை ஓடவிடுங்கள். தாமிரம் கலந்த மருந்து நத்தை, இறாலைக் கொல்லும். மென்னீரில் (சுண்ணச் சத்து குறைந்த தண்ணீரில்) மீனுக்கும் ஆபத்து.

பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி வாரந்தோறும் இறக்கிப் பாருங்கள். எத்தனை சென்டிமீட்டர் வரை தெரிகிறது என்பதே அளவுகோல். தண்ணீர் தெளிந்த பிறகு சில குளங்களில் நூல்பாசி கிளம்பும். வெயில் இப்போது அடிவரை இறங்குகிறது, அதனால்தான். மருந்தைத் தேடாமல் பிரஷை எடுத்து வாரம் ஒருமுறை திருகி எடுங்கள். அல்லி இலை பரவப் பரவ அதுவும் அடங்கும்.