கரி அடுப்பில் ஒருவர், கல்லாவில் ஒருவர்

ஊரை விட்டு பெங்களூரு வந்து, கணவனும் மனைவியுமாகக் கரி அடுப்புக் கோழிக்கடை போட நினைக்கிறீர்களா? மசாலாவுக்கு முன்னால் ஒன்றை முடிவு செய்யுங்கள்: அடுப்பில் யார், கல்லாவில் யார்? எங்கள் கடையில் அடுப்பு என்னுடையது. காசு, பார்சல், ஸ்விக்கி ஆர்டர் எல்லாம் அவர் பொறுப்பு. பச்சைக் கோழியைத் தொட்ட கை நோட்டைத் தொடக் கூடாது. அதைவிட முக்கியம், சில்லறை எண்ணத் திரும்பும் நேரத்தில் கோழி கருகிவிடும்.

கடை பார்க்கும்போது மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அல்சூர், மர்பி டவுன் பக்கம் தமிழ் பேசுபவர்கள் நிறைய, பழகுவது சுலபம். ஆனால் கீழே கடை, மேலே வீடு என்ற கட்டடங்களும் நிறைய. புகைக்குழாயை மொட்டை மாடிக்கு மேல் கொண்டுபோக ஓனர் சம்மதித்து, அதை ஒப்பந்தத்தில் எழுதித் தந்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவும் மாநகராட்சி டிரேட் லைசென்சும் வேண்டும். பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024-ல் சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. கன்னடம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு போர்டு அடிக்கக் கொடுங்கள். சோறு போடும் ஊரின் எழுத்தில் பிழை இருக்கக் கூடாது.

நிறப்பொடி வாங்கவே வாங்காதீர்கள். கபாபில் செயற்கை நிறம் சேர்ப்பதைக் கர்நாடக அரசு 2024 ஜூனில் தடை செய்துவிட்டது. பியாடகி மிளகாயை விதை நீக்கி, வெந்நீரில் ஊறவைத்து அரைத்தாலே நல்ல சிவப்பு கிடைக்கும். அதில் காரம் குறைவு. அதற்கு ராமநாதபுரம் குண்டு மிளகாயைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் உப்பு, எலுமிச்சை, இஞ்சி பூண்டு. அப்புறம்தான் தயிரும் மிளகாயும். மசாலா தடவிய கோழி 5 டிகிரிக்குக் கீழே, பிரிட்ஜில் இருக்கட்டும்.

சரி, தீக்கு வருவோம். சீமைக்கருவேலங்கரி கனமானது, நின்று எரியும். பற்றவைத்த உடனே கோழியை வைக்காதீர்கள். கரிமேல் சாம்பல் வெள்ளையாகப் படியும்வரை பொறுங்கள். பிறகு கரியை ஒரு பக்கம் குவித்து, மறுபக்கம் மெல்லியதாகப் பரப்புங்கள். கால்துண்டை முதலில் சூடு குறைந்த பக்கம் வைத்து, மூடி போட்டு நிதானமாக வேகவிடுங்கள். உள்ளே வெந்த பிறகு குவியல் பக்கம் நகர்த்தி, புரட்டிப் புரட்டி நிறம் ஏற்றுங்கள். கொழுப்பு சொட்டித் தீ எழுந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டாம், சாம்பல் பறந்து கறியில் ஒட்டும்; துண்டை ஓரத்துக்குத் தள்ளினால் தீ அடங்கிவிடும். வெந்ததைக் கண்ணால் மட்டும் நம்பாதீர்கள். எலும்பில் படாமல் தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானியைக் குத்துங்கள். 74 டிகிரி காட்டினால் இறக்கலாம். எவ்வளவு கூட்டம் நின்றாலும், “இன்னும் பத்து நிமிஷம்” என்று கல்லாவில் இருப்பவர் சொல்லிச் சமாளிக்கட்டும். அடுப்படியை அவசரப்படுத்தக் கூடாது.

மாதக் கணக்கு முடிக்கும்போது வாடகை, கரி, கோழிப் பணத்தோடு இருவருக்கும் தனித்தனிச் சம்பளமும் எடுத்து, அவரவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். அதற்குப் பிறகு மிஞ்சுவதைத்தான் லாபம் என்று எழுத வேண்டும்.