ஐ.வி.ஏ. முறிந்த பிறகு வங்குரோத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் கடன் ஆலோசனைக்கு வரும் நம்மவர்களோடு பேசுவது என் வேலை. ஐ.வி.ஏ. (இண்டிவிஜுவல் வாலண்டரி அரேஞ்ச்மென்ட் என்ற கடன் தவணை ஒப்பந்தம்) முறிந்து, அடுத்தது வங்குரோத்துதான் என்ற நிலையில் வருகிறவர்கள் ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். புதிதாக இந்த வேலைக்கு வரும் தன்னார்வலர்களும் அவற்றைக் கேட்டு விசாரிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கடிதங்களைப் பிரித்துப் படியுங்கள், கடனை மறைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அவற்றை விட்டுவிடுகிறேன். கீழே உள்ளது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் சட்டம்.

கட்டிய காசெல்லாம் கடனில் கழிந்துவிட்டது என்று நினைப்பது

ஐ.வி.ஏ. என்பது கடன்காரர்களோடு, அதாவது நமக்குக் கடன் கொடுத்தவர்களோடு, செய்துகொள்ளும் ஒப்பந்தம். வாக்களிக்கும் கடன்காரர்களில், கடன் தொகைக் கணக்கில் 75 சதவீதம் ஒத்துக்கொண்டால் எல்லோரையும் அது கட்டுப்படுத்தும். பெரும்பாலும் 5 வருடம், சில நேரம் 6 வருடம் மாதாமாதம் கட்ட வேண்டும். கடைசி வரை கட்டி முடித்தால் மிச்சக் கடன் தள்ளுபடி. நடுவில் முறிந்தால் அந்தத் தள்ளுபடி கிடையாது.

இங்கேதான் பலர் அதிர்ந்து போகிறார்கள். தொடக்கத்தில் கட்டும் பணத்தில் பெரும்பகுதி அதை நடத்தும் நிறுவனத்தின் கட்டணத்துக்கே போய்விடுகிறது. "இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினேனே, பாதிக் கடனாவது குறைந்திருக்குமே" என்று கேட்கிறார்கள். கடன்காரர்களின் கைக்கு உண்மையில் போன தொகை மட்டும்தான் கழியும். அதனால் ஐ.வி.ஏ. முடிவுக்கு வந்ததாகச் சொல்லும் சான்றிதழையும், யாருக்கு எவ்வளவு போனது என்ற கணக்கையும் ஐ.வி.ஏ.வை நடத்தும் மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் எழுத வேண்டிய தொகைகள் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன.

கைமாற்று வாங்கி ஐ.வி.ஏ.வைத் தூக்கி நிறுத்துவது

வேலை நேரம் குறைந்துவிட்டது, பிள்ளை பிறந்திருக்கிறது, வாடகை ஏறிவிட்டது. மாதத் தொகையைக் கட்ட முடியவில்லை. உடனே மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுத் தவணையைக் குறைக்கலாமா, சில மாதம் நிறுத்தி வைக்கலாமா என்று கேட்க வேண்டும். தேவைப்பட்டால் கடன்காரர்களிடம் மறுபடி வாக்கெடுப்பு நடத்தி ஒப்பந்தத்தையே திருத்த வழி இருக்கிறது. நம்மவர்கள் அதைச் செய்வதில்லை. அண்ணனிடம் முந்நூறு, சித்தப்பாவிடம் ஐந்நூறு என்று வாங்கிக் கட்டுகிறார்கள். மானம் போய்விடக் கூடாது என்ற எண்ணம் எனக்கும் புரிகிறது. ஆனால் வருமானம் நிரந்தரமாகக் குறைந்துவிட்ட பிறகு ஐ.வி.ஏ.வுக்குள் போடும் கைமாற்றுக் காசு திரும்பி வராது. அது அடுத்த தவறுக்கும் வாசலைத் திறந்து விடுகிறது.

சொந்தக்காரருக்கு முதலில் கொடுத்துவிட்டு வங்குரோத்துக்குப் போவது

இதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சல் வருகிறது. இவ்வளவு சுலபமாகத் தவிர்க்கக்கூடிய ஒன்று இத்தனை குடும்பங்களைப் பிரித்து வைக்கிறதே என்ற எரிச்சல்.

பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்த ஓர் அண்ணா என்னிடம் வந்தார். ஐ.வி.ஏ. ஆட்டம் கண்ட காலத்தில் மனைவியின் தம்பி அவருக்கு ஆறாயிரம் பவுண் வரை கொடுத்து உதவியிருக்கிறார். ஐ.வி.ஏ. முறிந்ததும் இவர் காரை விற்று, வந்த 3,800 பவுணையும் அப்படியே மச்சானின் கணக்குக்கு அனுப்பிவிட்டார். வங்கிக்காரன் எப்படியாவது சமாளிப்பான், மச்சான் பாவம் என்பது அவர் நியாயம். நாலு மாதம் கழித்து வங்குரோத்துக்கு விண்ணப்பித்தார். வங்குரோத்தைக் கையாளும் அரசு அதிகாரியான ஒஃபிஷல் ரிசீவரின் அலுவலகம் வங்கிக் கணக்கு அறிக்கைகளைக் கேட்டது. தொலைபேசி நேர்காணலில், இந்த 3,800 யாருக்குப் போனது என்று கேட்டிருக்கிறார்கள். "என் மனைவியின் தம்பிக்கு, வாங்கின கடனைத் திருப்பிக் கொடுத்தேன்" என்று அண்ணா நிமிர்ந்தே பதில் சொல்லியிருக்கிறார். தவறு செய்ததாக அவருக்கு அப்போதும் தெரியாது.

1986ஆம் ஆண்டு இன்சோல்வன்சி சட்டத்தின் 340ஆம் பிரிவு இதைத்தான் பிடிக்கிறது. கடன் கட்ட வழியில்லாத நிலையில் ஒரு கடன்காரரை மட்டும் மற்றவர்களைவிட நல்ல நிலையில் வைத்தால், அது பாரபட்சமான கொடுப்பனவு. நெருங்கிய உறவினருக்குக் கொடுத்தது என்றால் விண்ணப்பித்த நாளிலிருந்து 2 வருடம் பின்னோக்கிப் பார்ப்பார்கள். நண்பர், தெரிந்தவர் என்றால் 6 மாதம். உறவினர் என்று வந்துவிட்டால், அவருக்குச் சாதகம் செய்யும் எண்ணத்தோடுதான் கொடுத்தீர்கள் என்று சட்டம் முதலிலேயே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது பணம் வாங்கியவர் தரப்பின் பாடு. ஐ.வி.ஏ. முறிந்து கிடக்கும் ஆள், அந்த நேரத்தில் என்னால் கடன் கட்ட முடிந்தது என்று எப்படிச் சொல்வார்?

யார் உறவினர் என்பதிலும் நாம் நினைப்பது வேறு, சட்டம் சொல்வது வேறு. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மாமா, சித்தப்பா, அத்தை, மருமக்கள் எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். மனைவி வழியில் இதே உறவுகளும், இவர்களின் கணவன் மனைவியரும் வருகிறார்கள். மச்சான் தப்பவே முடியாது. பெரியப்பா மகன், மாமி மகள் போன்றவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை, அவர்களுக்கு 6 மாதக் கணக்குத்தான்.

அந்த அண்ணாவின் கதையில் கடிதம் மச்சானுக்குப் போனது. வாங்கிய 3,800 பவுணைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி. அவர் அதைப் பிள்ளையின் படிப்புக்குக் கட்டி முடித்திருந்தார். மாதத் தவணையில் கொடுக்க ஒத்துக்கொண்டார். அந்தப் பணம் வங்குரோத்துச் செலவுகள் போக எல்லாக் கடன்காரருக்கும் பங்கிடப்படும். மச்சானும் ஒரு கடன்காரராகத் தன் பெயரைப் பதிந்து தன் பங்குக்குக் காத்திருக்கலாம். அந்தப் பங்கு எவ்வளவு சிறியதாக இருக்கும் என்பதை நான்தான் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. அண்ணாவுக்கும் வங்குரோத்துக் கட்டுப்பாடுகள் நாலு வருடத்துக்கு நீண்டன. இப்படிப்பட்ட நடத்தைக்கு 2 முதல் 15 வருடம் வரை நீட்டலாம். இரண்டு குடும்பமும் இன்று ஒரே மண்டபத்துக்குப் போனால் வேறு வேறு மேசையில் இருக்கிறார்கள். காரை விற்ற காசைத் தொடாமல் வைத்து, மச்சானின் ஆறாயிரத்தையும் கடன்காரர் பட்டியலில் எழுதியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

சீட்டிலும் இதே கதைதான், ஆனால் யாரும் அதைக் கடனாகவே நினைப்பதில்லை. சீட்டை எடுத்துவிட்டு மிச்சத் தவணை பாக்கி இருந்தால் அது கடன், பட்டியலில் வர வேண்டும். இன்னும் எடுக்காமல் கட்டிக்கொண்டு வந்திருந்தால் அது உங்கள் சொத்து, அதையும் சொல்ல வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தின மாதம் சீட்டை எடுத்துத் தங்கச்சிக்குக் கொடுத்தால் மேலே சொன்ன வலையில்தான் விழுவீர்கள். உத்தரவாதக் கையெழுத்து போட்ட உறவினரைக் காப்பாற்ற அந்தக் கடனை மட்டும் அவசரமாக அடைப்பதும் அப்படியே. சட்டம் உத்தரவாதம் போட்டவரையும் சேர்த்தே சொல்கிறது.

"அப்போ சொந்தக்காரருக்கு நாமம் போடச் சொல்கிறீர்களா?" என்று கோபப்படுகிறார்கள். இல்லை. வங்குரோத்திலிருந்து விடுபட்ட பிறகு, வருமானத்திலிருந்து கட்ட வேண்டிய தவணைகளும் முடிந்த பிறகு, உங்கள் சொந்தச் சம்பளத்தில் மனமொத்து அவருக்குக் கொடுப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. சட்டப்படி கடமை இல்லை, கொடுக்கத் தடையும் இல்லை. இதை விண்ணப்பத்துக்கு முன்பே அவரிடம் போய்ச் சொல்லுங்கள். ரிசீவர் அலுவலகத்துக் கடிதம் வந்து தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் கேட்பது அவருக்கு மரியாதை.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? மறைக்காதீர்கள், காசைத் திரும்ப வாங்கி உங்கள் கணக்கில் நீங்களே போட்டும் விடாதீர்கள். முதலில் ஆலோசகரிடம் திகதி, தொகை, உறவு மூன்றையும் சொல்லுங்கள். எப்போது விண்ணப்பிப்பது என்பதையே அது மாற்றக்கூடும்.

வீட்டை மனைவி பெயருக்கு மாற்றுவது

செய்யாதீர்கள். விலை வாங்காமல் கைமாற்றிய சொத்துக்கு 5 வருடம் வரை பின்னோக்கிப் பார்ப்பார்கள்.

டி.ஆர்.ஓ. இருக்கிறதா என்று பார்க்காமல் 680 பவுண் சேர்ப்பது

வங்குரோத்து விண்ணப்பக் கட்டணம் 680 பவுண். சிறுகச் சிறுகக் கட்டலாம், ஆனால் முழுவதும் கட்டி முடிக்காமல் விண்ணப்பத்தை அனுப்ப முடியாது. அனுப்பிய பிறகு விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. இதற்காகப் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

சொந்த வீடு இல்லாதவர்கள் முதலில் டெப்ட் ரிலீஃப் ஓடர் (டி.ஆர்.ஓ., வங்குரோத்து இல்லாமலே கடனைத் தள்ளுபடி செய்யும் உத்தரவு) கிடைக்குமா என்று பாருங்கள். 2024 ஏப்ரலில் அதன் கட்டணம் நீக்கப்பட்டது. அதே வருடம் ஜூன் 28 முதல் கடன் வரம்பு 50,000 பவுணாக உயர்ந்தது. சொத்து 2,000 பவுணுக்குள் இருக்க வேண்டும், வாகனம் தனியாக 4,000 வரை இருக்கலாம், செலவு போக மாதம் மிஞ்சுவது 75 பவுணைத் தாண்டக் கூடாது. ஐ.வி.ஏ. நடைமுறையில் இருக்கும்வரை இது கிடைக்காது, முறிந்ததற்கான சான்றிதழை நான் வற்புறுத்துவது இதற்காகவும்தான். கடந்த 2 வருடத்தில் உறவினருக்குப் பாரபட்சமாகக் கொடுத்திருந்தால் இந்த இலவச வழியும் அடைபட்டுப் போகலாம்.

இடைப்பட்ட காலத்தில் கடன் வசூலிப்பவர்களின் அழைப்பு தாங்க முடியவில்லை என்றால், ஆலோசகர் மூலம் 60 நாள் பிரீதிங் ஸ்பேஸ் கேளுங்கள். அதில் சேரும் கடன்களுக்கு அந்த நாட்களில் வட்டியும் வசூல் நடவடிக்கையும் பெரும்பாலும் நிற்கும். ஐ.வி.ஏ. உயிரோடு இருக்கும்போது இதையும் கேட்க முடியாது.

கடன் இருக்கும் வங்கியிலேயே சம்பளம் வாங்குவது

வங்குரோத்து உத்தரவு வந்ததும் கணக்கு முடங்கும், கணவன் மனைவி சேர்ந்த கணக்கும் சேர்த்து. ஐ.வி.ஏ. முறிந்த உடனேயே, எந்தக் கடனும் இல்லாத வேறொரு வங்கியில் அடிப்படைக் கணக்கு ஒன்றைத் திறந்து சம்பளத்தை அங்கே மாற்றுங்கள்.

ஒரு வருடத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்புவது

12 மாதத்தில் விடுதலை கிடைக்கும் என்பது சரி. ஆனால் வருமானத்தில் மிச்சம் இருந்தால் 3 வருடம் வரை மாதத் தவணை கட்ட வேண்டி வரும். வீட்டில் உங்களுக்குள்ள பங்கை என்ன செய்வது என்று முடிவெடுக்க, உங்கள் சொத்தைப் பொறுப்பேற்கும் ட்ரஸ்டிக்கு 3 வருடம் இருக்கிறது. கிரெடிட் பதிவில் 6 வருடம் நிற்கும். மாணவர் கடன், நீதிமன்ற அபராதம், பிள்ளைப் பராமரிப்புப் பணம் ஆகியவை வங்குரோத்தில் கரையாது.

சேர்ந்து எடுத்த கடன்

உங்கள் பங்கு போகும், முழுக் கடனும் மனைவி தலையில் விழும். அவரையும் கூட்டிக்கொண்டு ஆலோசனைக்கு வாருங்கள்.

கம்பனி டைரக்டராகத் தொடர்வது

வங்குரோத்தில் இருக்கும்போது நீதிமன்ற அனுமதி இல்லாமல் அது குற்றம். விண்ணப்பத்துக்கு முன்பே விலகிவிடுங்கள்.

ஸ்கொட்லாந்தில் இருந்துகொண்டு இதைப் பின்பற்றுவது

அங்கே ஐ.வி.ஏ.வும் இல்லை, இந்தத் தொகைகளும் இல்லை. ட்ரஸ்ட் டீட், சீக்வெஸ்ட்ரேஷன் என்று வேறு ஏற்பாடுகள். அங்குள்ள ஆலோசகரிடமே கேளுங்கள்.