1600கள்ல பிடிபட்ட இங்கிலீஷ் அடிமைக் கப்பலை ஆவணத்துல தேடுறது எப்படி

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். அடிமைக் கப்பலைப் பிடிச்சாங்கன்னு நெட்ல தேடினா, பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை பண்ண 1807க்கு அப்புறம் நடந்ததுதான் வந்து கொட்டும், பிரிட்டிஷ் கடற்படை மடக்கினது, உள்ள இருந்தவங்களை இறக்கி விட்டதுன்னு. 1600கள்ல அந்தக் கதையே கிடையாது. பிடிச்சவன் சரக்குக்காகப் பிடிச்சான், அடைச்சு வச்சிருந்த ஆப்பிரிக்கர்களும் அவன் கணக்குல சரக்குதான், கொண்டுபோய் வித்துடுவான். இது தெரியாம பேப்பரைத் திறந்தா எல்லாத்தையும் தலைகீழாப் படிப்பீங்க.

அதனால கப்பல் பேரைத் தேடுறதுக்கு முன்னாடி, பிடிச்சது யாருன்னு கண்டுபிடிங்க. பேப்பர் பிடிச்சவன் வீட்லதான் இருக்கும். நான் பண்ண தப்பைச் சொல்றேன், லண்டன் கியூல இருக்கற தேசிய ஆவணக் காப்பகத்துல எச்.சி.ஏ. 32ன்னு ஒரு வரிசை (எச்.சி.ஏ.ன்னா ஹை கோர்ட் ஆஃப் அட்மிரால்டி, கடல் வழக்குகளுக்கான கோர்ட்), போர்ல பிடிபட்ட கப்பல்களோட பேப்பர். டச்சுக்காரங்க கொண்டுபோன ஒரு இங்கிலீஷ் கப்பலை அதோட கேட்டலாக்ல நாலு நாள் தேடினேன், அப்புறம்தான் உறைச்சுது, அது பெரும்பாலும் இங்கிலீஷ்காரங்க பிடிச்ச அடுத்தவங்க கப்பல். நம்ம கப்பலை டச்சுக்காரன் பிடிச்சிருந்தா ஹேக் நகரத்துல இருக்கற காப்பகம், அங்க டச்சு மேற்கிந்தியக் கம்பெனியோட பேப்பர் நிறைய ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்காங்க. ஸ்பெயின்காரன்னா செவில்ல இருக்கற இந்தியாஸ் காப்பகம் (நம்ம இந்தியா இல்ல, ஸ்பெயினோட அமெரிக்கக் காலனிப் பேப்பர்), பாரேஸ்ங்கற ஸ்பெயின் காப்பகங்களோட தளத்துல தேடலாம். பிரெஞ்சுக்காரன்னா பாரிஸ்.

யாரு பிடிச்சிருப்பாங்கன்னு வருஷமே பாதி சொல்லிடும். 1652ல ஆளு இங்கிலீஷ்காரரேதான், உள்நாட்டுப் போர்ல தோத்த ராஜா கட்சி இளவரசர் ரூபர்ட் காம்பியா ஆத்துக்குள்ள புகுந்து கினி கம்பெனிங்கற இங்கிலீஷ் வியாபாரக் கம்பெனியோட கப்பல்களைப் பிடிச்சாரு. 1664ல இங்கிலீஷ் கடற்படைத் தளபதி ராபர்ட் ஹோம்ஸ் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில டச்சுக் கோட்டைகளைப் பிடிக்க, பதிலுக்கு டச்சு அட்மிரல் டி ரைட்டர் வந்து கோரே தீவை மீட்டு அங்க நின்ன இங்கிலீஷ் கப்பல்களோட சரக்கை எடுத்துக்கிட்டாரு, 1665ல இங்கிலீஷ்காரங்களோட கோர்மன்டின் கோட்டையும் அவர் கைக்குப் போச்சு. 1689லேர்ந்து 1697 வரைக்கும்னா பிரான்ஸோட போர் நடந்த காலம், முதல் சந்தேகம் பிரெஞ்சுத் தனியார் போர்க்கப்பல் மேல போகட்டும்.

ஆனா நிறைய பேர் கோட்டை விடுறது இன்னொரு ஆளை, சொந்த நாட்டுக் கம்பெனியை. ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனிக்கு 1672ல சாசனம் கிடைச்சுது, ஆப்பிரிக்கா வியாபாரம் முழுக்க அவங்களுக்கு மட்டும், மீறிப் போறவன் இன்டர்லோப்பர், அவன் கப்பலையும் சரக்கையும் கம்பெனியே பறிமுதல் பண்ணலாம். அந்தக் கேஸை விசாரிக்க ஆப்பிரிக்கக் கரையிலயே கோர்ட் வைக்கவும் சாசனத்துல வழி இருந்துச்சு, சட்டம் படிச்சவர் ஒருத்தர், வியாபாரிங்க ரெண்டு பேர். பார்படோஸ் மாதிரி தீவுகள்ல இது அவ்ளோ ஈஸியா நடக்கல, தோட்ட முதலாளிங்களுக்கு இன்டர்லோப்பர் கொண்டுவர்ற அடிமை ஆளுங்க வேணும், ஜூரியும் அதே தோட்ட முதலாளிங்கதான், அப்புறம் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும். கம்பெனி ஏஜென்ட் எட்வின் ஸ்டீட் மாதிரி ஆளுங்க லண்டனுக்குப் புலம்பி எழுதின லெட்டர்தான் நமக்கு இப்போ புதையல். 1689ல நைட்டிங்கேல் எதிர் பிரிட்ஜஸ் வழக்குல இப்படிப் பறிமுதல் பண்ற அதிகாரத்தை கோர்ட் ஏத்துக்கல, 1698ல பத்து சதவீத வரி கட்டினா யாரும் போகலாம்னு சட்டமே வந்துடுச்சு. அதனால 1690கள்ல கம்பெனி பிடிச்சதுன்னு எங்கயாவது போட்டிருந்தா ரெண்டு தடவை செக் பண்ணுங்க.

சரி, வேலையை ஆரம்பிக்கற இடம் ஸ்லேவ் வாயேஜஸ் தளம், இலவசம், 36,000 பயணத்துக்கு மேல இருக்கு. வருஷத்தையும் கொடியையும் (கப்பல் எந்த நாட்டோடதுன்னு) போட்டுட்டு பயணத்தோட முடிவுங்கற பில்டர்ல பிடிபட்டதை மட்டும் எடுங்க, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு எண் இருக்கும், அதைக் குறிச்சுக்கோங்க. அங்க இருக்கற ஆள் கணக்குல நிறைய கணிச்சுப் போட்டது, ஆவணத்துல இருக்கற எண் எது, கணிச்சது எதுன்னு பார்க்காம காப்பி பண்ணாதீங்க. கப்பல் பேரை மட்டும் நம்பவும் கூடாது, மேரி, பிராவிடன்ஸ், ஸ்பீட்வெல்னு ஒரே பேர்ல எத்தனையோ ஓடுச்சு, கேப்டன் பேர், வருஷம் ரெண்டும் சேர்ந்து பொருந்தணும், ஸ்பெல்லிங் வேற எழுதறவனுக்கு எழுதறவன் மாறும்.

அப்புறம் காலனி அரசுப் பேப்பர்களோட சுருக்கம் பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன்ல இருக்கு, கவர்னர்கள் லெட்டர்லாம் அதுல வரும். அடுத்தது கியூல டி 70 வரிசை, கம்பெனியோட சொந்தக் கணக்கு. பறிமுதல் கேஸ் அந்த அட்மிரால்டி கோர்ட் வரைக்கும் போயிருந்தா எச்.சி.ஏ. 13ல மாலுமிங்க வாக்குமூலம் கிடைக்கலாம், படிக்க அவ்ளோ நல்லா இருக்கும், வயசு, ஊர், கப்பல்ல என்ன வேலைன்னு ஆரம்பிக்கும். ஒரு தொல்லை, அஞ்சாவது கேள்விக்கு ஆமாங்கறார்னு பதில் மட்டும் இருக்கும், கேள்வி அதுல இருக்காது, அதுக்கு எச்.சி.ஏ. 23ஐ எடுக்கணும். தலைப்பு லத்தீன்ல இருந்தா பயப்படாதீங்க, உள்ள பெரும்பாலும் இங்கிலீஷ்தான். ரீடர் கார்டுக்குக் காசு இல்ல, போன்ல போட்டோ எடுத்துக்கலாம், பழைய கையெழுத்து படிக்கப் பழகறதுக்கு அவங்க தளத்துலயே இலவசப் பாடம் இருக்கு, ஒரு வாரம் உட்கார்ந்தா கண்ணு பழகிடும்.

தேதில கவனம். இங்கிலாந்துல அப்போ புது வருஷம் மார்ச் 25லதான், காலண்டரும் பத்து நாள் பின்னாடி. இங்கிலீஷ் லெட்டர்ல பிப்ரவரி 10, 1664ன்னு இருந்தா ஹாலந்து பேப்பர்ல அது பிப்ரவரி 20, 1665. இது தெரியாம ஒரே சம்பவத்தை ரெண்டு கப்பலாக்கி வச்சவங்க உண்டு.

கப்பலோட கதை கிடைச்சதும் நிறுத்திடாதீங்க, உள்ள இருந்தவங்க என்ன ஆனாங்கன்னு தனியா ஒரு நோட்டு போடுங்க. கரையில ஏத்தினப்போ எத்தனை பேர், பிடிபட்ட அன்னைக்கு எத்தனை, வித்தப்போ எத்தனை, ஒவ்வொண்ணுக்கும் தேதி, எந்தப் பேப்பர். பேர் கிடைக்கறது ரொம்ப அபூர்வம், ஆண், பெண், பையன், பொண்ணுன்னு எண்ணிக்கைதான் இருக்கும், சில சமயம் வாங்கினவன் பேரும் விலையும் டி 70 இன்வாய்ஸ்ல இருக்கும். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவுல குறையறவங்களை அந்தப் பேப்பர் நஷ்டம்னு எழுதியிருக்கும், உங்க நோட்டுல ஆளுங்கன்னே எழுதுங்க.